தட்டினால் தூண் சொல்லுமா? – வாசகர் கேள்வி பதில்

கட்டடத்தை உடைக்காமல் அதன் பலத்தைச் சோதிப்பது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டுமானவியல் பேராசிரியர்கள் இருவர் பதில் தருகிறார்கள்.

எங்கள் வீடு 2002-ல் கட்டியது, தரைத்தளம் மட்டும்தான். மகனுக்காக மேலே ஒரு மாடி எடுக்க நினைக்கிறோம். பொறியாளர் ஒருவர் சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் பில்லர்களில் பத்து இடத்தில் அடித்துப் பார்த்து, 'கான்கிரீட் பலம் 35, தாராளமாக இரண்டு மாடி போடலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நம்பலாமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

அந்த 35-ஐ மட்டும் நம்பி மாடி எடுக்காதீர்கள். அந்தக் காலத்து வீட்டு வேலையில் கான்கிரீட் என்றால் பெரும்பாலும் 1:2:4 கலவை. ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. ஒழுங்காகப் போட்டு ஒழுங்காகத் தண்ணீர் கட்டியிருந்தாலும் எம்15-ஐ ஒட்டித்தான் வரும், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன். அது 35 காட்டுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அவர் பயன்படுத்தியது ரீபவுண்ட் ஹேமர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1940-களின் கடைசியில் உருவாக்கியது. உள்ளே ஸ்பிரிங்கில் இழுபட்டு நிற்கும் ஓர் இரும்பு எடை, சுமார் 2.2 நியூட்டன் மீட்டர் ஆற்றலோடு போய் முட்டித் திரும்பித் துள்ளும். எவ்வளவு துள்ளியது என்பதைத்தான் கருவி காட்டுகிறது. அது மேற்பரப்பை ஒட்டிய ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தின் கடினத்தன்மை. பலத்தைக் கருவி அளக்கவில்லை. கடினத்திலிருந்து பலத்தை ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் அந்த ஊகம் எங்கே வழுக்கியிருக்கும் என்று சொல்கிறோம். இருபது ஆண்டுக்கு மேல் காற்று பட்ட கான்கிரீட்டில் கார்பன் டை ஆக்சைடு புகுந்து, அங்குள்ள சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிவிடும். மேல்தோல் கல் மாதிரி இறுகிப்போகும். உள்ளே இருப்பது பழைய கான்கிரீட்தான், ஆனால் சுத்தியல் அந்தத் தோலில் பட்டு நன்றாகத் துள்ளும். இப்படி இறுகிய பரப்பில் கணிப்பு 50 சதவீதம் வரை மிகையாக வரலாம் என்று 2020 வரை நடப்பில் இருந்த இந்திய நிர்ணயம் ஐ.எஸ். 13311, இரண்டாம் பகுதி (1992) எச்சரித்தது. எல்லாம் சரியாகச் செய்தால்கூட இந்தக் கருவியின் கணிப்பு 25 சதவீதம் மேலே கீழே போகலாம் என்பதும் அதே ஏடு சொன்னதுதான். 35 என்பது 50 சதவீத மிகை என்றால் உண்மை 23. அதில் இன்னொரு கால்பங்கு போனால் எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கருவியோடு வரும் உரசுகல்லால் தேய்த்த பிறகு அடித்தாரா, பூச்சின் மேலேயே அடித்தாரா? பூச்சின் மேல் அடித்தால் அது பூச்சைப் பற்றிய அறிக்கை. ஓர் இடத்துக்கு ஆறு அடியாவது அடித்து, ஒவ்வாத எண்ணைத் தள்ளிச் சராசரி எடுத்தாரா? விளிம்பிலிருந்தும் முந்தைய அடியிலிருந்தும் 20 மி.மீ. தள்ளி அடித்தாரா? தளத்தின் அடிப்பக்கத்தில் மேல்நோக்கி அடித்திருந்தால், புவியீர்ப்பு துள்ளலுக்குத் துணை போவதால் எண் கூடி வரும். அதற்குத் திருத்தம் போட்டாரா? கருவியைக் கடைசியாக எப்போது எஃகு ஆன்வில் (சோதனைக் கட்டை) மேல் அடித்துச் சரிபார்த்தார்? புதுக் கருவி அதன் மேல் 80-ஐ ஒட்டிக் காட்டும். ஸ்பிரிங் தளர்ந்தோ உள்ளே சிமெண்ட் தூசி ஏறியோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இனி செய்ய வேண்டியது. இரண்டு மூன்று பில்லர்களில் மூலையை ஒட்டி உளியால் புதிதாகக் கொத்தச் சொல்லுங்கள். தூசியை ஊதிவிட்டு, ஆல்கஹாலில் கரைத்த ஒரு சதவீத பினாப்தலின் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாகும். நிறம் ஏறாத விளிம்புதான் காற்று தின்ற ஆழம். அதை ஸ்கேல் வைத்து அளங்கள். இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலப்படி வளரும்: 10 ஆண்டில் 10 மி.மீ. என்றால் 40 ஆண்டில் 20 மி.மீ. கம்பியை மூடிய கான்கிரீட் கனமான கவரைக் கடந்து அது கம்பியை எட்டிவிட்டதா என்பதுதான் மாடியைவிடப் பெரிய கேள்வி.

அடுத்து, கீழே சொல்லும் ஒலியலைச் சோதனை. அதற்கும் பிறகு, சுத்தியலின் எண்ணை உங்கள் வீட்டுக் கான்கிரீட்டோடு பொருத்திப் பார்க்கக் குறைந்தது மூன்று கோர், அதாவது துளையிட்டு எடுக்கும் கான்கிரீட் உருளை. கோரின் விட்டம் ஜல்லியின் அளவைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 20 மி.மீ. ஜல்லிக்கு 60 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஐ.எஸ். 456 சொல்வது, கோர்களின் சராசரி (சோதனைக் கனசதுரமான க்யூபின் பலத்துக்கு மாற்றியது) கேட்ட தரத்தில் 85 சதவீதத்துக்கும், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்கும் குறையாமல் இருக்க வேண்டும். எம்20 என்றால் சராசரி 17, தனித்தனியாக 15. ஆனால் உங்கள் பில்லர் ஒன்பது அங்குலம் என்றால் அதில் 100 மி.மீ. கோர் போட விடாதீர்கள். அகலத்தில் பாதியை நெருங்கித் துளை விழும், கம்பியும் அறுபடலாம். ஃபுட்டிங்கிலோ (பில்லரின் அடிப்பாதம்) அகலமான பக்கமுள்ள பில்லரிலோ, உள்ளே கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கவர் மீட்டரால் கம்பியை விலக்கிக் குறித்துவிட்டு எடுக்கட்டும். எடுத்த அன்றே சுருங்காத கிரவுட் கலவையால் துளையை அடைக்க வேண்டும்.

இத்தனையும் தேறினாலும், ஒரு மூலையிலாவது அஸ்திவாரம் வரை குழி தோண்டி ஃபுட்டிங்கின் அகலம், ஆழம், அடியில் உள்ள மண் மூன்றையும் பாருங்கள். எந்தச் சுத்தியலும் எந்த ஒலியும் அதைச் சொல்லாது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அல்ட்ராசோனிக் சோதனை செய்தார்கள். ஒரே பில்லரில் ஓரிடத்தில் 4.2, அடியில் 2.9 என்று எழுதியிருக்கிறது. கருவி கோளாறா, பில்லர் கோளாறா?
– குடியிருப்போர் சங்கப் பொருளாளர், ஓசூர்

பெரும்பாலும் பில்லர்தான். ஆனால் அளந்த விதத்தையும் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கருவி ஒரு பக்கத்திலிருந்து ஒலித்துடிப்பை அனுப்பி, எதிர்ப்பக்கம் வந்து சேர எத்தனை மைக்ரோ விநாடி ஆனது என்று காட்டும். கான்கிரீட்டுக்கு வழக்கமாக 54 கிலோஹெர்ட்ஸ் முனைகள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். 300 மி.மீ. பில்லரில் 72 மைக்ரோ விநாடி என்றால் விநாடிக்கு 4.17 கி.மீ. அதே பில்லரில் 104 மைக்ரோ விநாடி என்றால் 2.88 கி.மீ. 2018 வரை நடப்பில் இருந்த ஐ.எஸ். 13311 முதல் பகுதியின் பட்டியல்படி 4.5-க்கு மேல் மிக நன்று, 3.5 முதல் 4.5 வரை நன்று, 3.0 முதல் 3.5 வரை நடுத்தரம், 3.0-க்குக் கீழே சந்தேகத்துக்குரியது. உங்கள் 2.9 கடைசி வகை.

பில்லரின் அடியில் இப்படி வருவதற்குக் காரணம் பழக்கமானது. பத்தடி உயரத்திலிருந்து கான்கிரீட்டைக் கொட்டும்போது ஜல்லி தனியே, சிமெண்ட் பால் தனியே பிரியும். ஷட்டரின் (கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகை) அடி இடுக்கில் பால் ஒழுகிவிட்டால், ஜல்லி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து தேன்கூடு மாதிரி ஆகிவிடும். வைப்ரேட்டர் ஊசி அடிவரை எட்டாமல் போனாலும் இதேதான். வெளியே பூச்சு பூசிவிட்டதால் யாருக்கும் தெரியாது. ஒலி அந்த ஓட்டைகளைச் சுற்றி வர வேண்டியிருப்பதால் தாமதமாகிறது.

சோதித்தவர் செய்யக்கூடிய பிழைகளும் உண்டு. முனைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே கிரீஸோ வாசலினோ தடவி அழுத்த வேண்டும். காகிதக் கனத்துக்குக் காற்று நின்றாலும் துடிப்பில் பெரும்பகுதி அங்கேயே செத்துவிடும், நேரம் தாறுமாறாக ஓடும். நன்றாகப் பிடித்தபோது எண் ஓரிரு விநாடியில் நிலைகொள்ளும். நிலைகொள்ளாமல் குதிக்கும் எண்ணை எழுதக் கூடாது. பூச்சை எடுக்காமல் அளந்தாலும் இதே தொல்லைதான், பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே விலகல் இருக்கும். பூச்சோடு சேர்த்துத் தூரம் அளந்து எழுதுவது இன்னொன்று: 300-ஐ 315 என்று எழுதினால் வேகம் 5 சதவீதம் கூடிவிடும். கம்பி நீளவாக்கில் ஒலியின் பாதையோடு ஒட்டி ஓடினாலும் எண் உயரும், ஏனென்றால் எஃகில் ஒலி விநாடிக்கு 5.9 கி.மீ. வரை போகும். வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கருவியோடு வரும் உருளையில் வைத்துப் பார்த்து, அதில் பொறித்த நேரம் வருகிறதா என்று குறித்திருக்கிறார்களா பாருங்கள்.

அந்த 2.9 வந்த இடத்தைச் சுற்றி 15 செ.மீ. இடைவெளியில் கட்டம் போட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு புள்ளி தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் முனை பிடிக்காத பிழை. நான்கைந்து புள்ளி சேர்ந்து தாழ்ந்திருந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. பில்லருக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். அழுத்தத்தில் சிமெண்ட் கிரவுட் ஏற்றிய பிறகு அதே கட்டத்தில் மீண்டும் அளக்க வேண்டும். இந்தக் கடைசி அளவு ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால் யாரும் எடுப்பதில்லை, எழுதச் சொல்லுங்கள்.

சுத்தியலும் ஒலியும் இரண்டும் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஈரமான கான்கிரீட்டில் சுத்தியலின் எண் தாழும், ஒலி வேகம் சற்று ஏறும். காற்றில் இறுகிய தோலில் சுத்தியல் ஏறும், ஒலிக்கு அது அவ்வளவாகத் தெரியாது. ஒன்றின் தவறை மற்றது காட்டிக்கொடுக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் சோன்ரெப் முறை வந்தது.

எங்கள் ஊரில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரில் கலந்து கட்டிய மேல்நிலைத் தொட்டியில் இப்போது கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. ஃபுளோரைடுதான் கம்பியைத் தின்கிறதா?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், பென்னாகரம் வட்டம்

பல்லையும் எலும்பையும் கெடுத்த ஃபுளோரைடு கம்பியையும் கெடுத்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் கான்கிரீட்டில் ஃபுளோரைடைப் பிடித்து வைக்கச் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. அதனோடு சேர்ந்து கரையாத கால்சியம் ஃபுளோரைடாக உட்கார்ந்துவிடும். கம்பிக்கு உண்மையான எதிரி குளோரைடு, நாம் 'உப்புத் தண்ணீர்' என்று சொல்வதன் பெரும்பகுதி. ஐ.எஸ். 456-ன்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சல்பேட் 400-ஐத் தாண்டக் கூடாது, பி.எச். 6-க்குக் குறையக் கூடாது. ஃபுளோரைடுக்காக மட்டும் சோதித்த தண்ணீர் அறிக்கை கட்டுமானத்துக்குப் போதாது. அடுத்த வேலைக்கு முன் அதே போர் தண்ணீரில் குளோரைடையும் பாருங்கள்.

இன்னொரு காரணம் கவர் குறைவு. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் செருகிக் கம்பியைத் தூக்கி நிறுத்திய தொட்டிகளில் 10, 12 மி.மீ. கவர் கூடத் தேறாது. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கம்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது.

உதிர்ந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத இடத்தில் துரு எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய ஹாஃப் செல் சோதனை செய்யலாம். ஏற்கெனவே வெளியே தெரியும் கம்பியைச் சுரண்டி மின்கம்பியின் ஒரு முனையைப் பூட்டுவார்கள். மறுமுனை, காப்பர் சல்பேட் கரைசல் நிரம்பிய குழாய். ஈரப்படுத்திய பரப்பில் அதை வைத்து வைத்து மில்லிவோல்ட் குறிப்பார்கள். மைனஸ் 200-ஐ எட்டாமல் மைனஸ் 100, 150 என்று நின்றால் துரு இல்லை என்பதற்கு 90 சதவீத வாய்ப்பு. மைனஸ் 350-ஐத் தாண்டினால் துரு நடக்கிறது என்பதற்கு 90 சதவீத வாய்ப்பு. நடுவே உள்ளது உறுதியில்லை.

தொட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைச் சோதிக்க வருபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எப்போதும் தண்ணீரில் ஊறிய அடித்தளத்தில் ஆக்சிஜன் எட்டாது. அங்கே துரு இல்லாமலே மைனஸ் 500, 600 என்று காட்டும். அந்த எண்ணைக் கண்டு தொட்டியையே இடித்துவிடக் கூடாது. ஊறிய இடத்தையும் காய்ந்த தாங்குதூண்களையும் தனித்தனி வரைபடமாகப் போட்டு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் எண் சட்டென்று மாறும் இடங்களைத்தான் கொத்திப் பார்க்க வேண்டும். அதுவரை அந்தத் தொட்டிக்கு அடியில் பிள்ளைகள் விளையாடவும் மாடு கட்டவும் விடாதீர்கள், இன்றே வேலி போடுங்கள்.

கல்யாண மண்டபத் தளத்தின் மேல் எடை ஏற்றிப் பார்த்தால் தளம் கெட்டுவிடாதா?
– கிருஷ்ணகிரி

முறையாக ஏற்றினால் கெடாது. வடிவமைத்த நகரும் எடையில் (ஆட்கள், நாற்காலி போல வந்துபோகும் பாரம்) 1.25 மடங்கை 24 மணி நேரம் வைத்து, தொய்வை டயல் கேஜில் எடுத்து, பிறகு எடையை இறக்க வேண்டும். தொய்வில் 75 சதவீதமாவது 24 மணி நேரத்துக்குள் மீள வேண்டும். மீளாவிட்டால் 72 மணி நேரம் கழித்து மறுபடி ஒரு முறை. அப்போது 80 சதவீதம். தொய்வே மிகக் குறைவு என்றால் மீட்சியை அளக்கவே வேண்டாம்: மீட்டரில் உள்ள நீளத்தின் வர்க்கத்தை 40-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள கனத்தால் வகுங்கள். 4 மீட்டர், 125 மி.மீ. தளத்துக்கு 5.1 மி.மீ. அதற்குள் நின்றால் தேறியது. மணல் மூட்டைகளை ஒரே மூலையில் குவிக்காமல் நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாகப் பரப்புங்கள். கீழே, தளத்தைத் தொடாமல் ஓரிரு அங்குலம் விட்டு முட்டு நிறுத்தி வையுங்கள், தளம் விட்டுக்கொடுத்தால் தாங்க.

சிவில் மூன்றாமாண்டு படிக்கிறேன். கட்டடங்களை உடைக்காமல் சோதிக்கும் துறையில் பேராசிரியராக வேண்டும் என்பது ஆசை. 'லெவல் டூ சர்டிஃபிகேட் எடு, வேலை கிடைக்கும்' என்று ஒருவர் சொல்கிறார். எந்த வழியில் போவது?
– ஒரு மாணவி, தருமபுரி

இரண்டும் வேறு வழிகள், அம்மா. லெவல் ஒன், டூ என்று நடக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை உலோகத்துக்கு உரியவை: வெல்டிங்கில் விரிசல், கொதிகலன் சுவர், குழாய் இணைப்பு. ஓசூர்த் தொழிற்சாலைகளில் அதற்கு மதிப்பு உண்டு. எஃகுக்கு மெகாஹெர்ட்ஸ் அலை போதும், நேராகப் போய்த் திரும்பும். கான்கிரீட்டிலோ ஜல்லி ஒவ்வொன்றும் அலையைச் சிதறடிக்கும். அதனால்தான் இங்கே கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி வந்தோம். அந்தச் சான்றிதழோடு கான்கிரீட்டைப் படிக்க முடியாது.

பேராசிரியர் வழி நீளமானது. முதுநிலைப் பொறியியலுக்கான கேட் நுழைவுத்தேர்வு எழுதி, ஸ்ட்ரக்சுரல் எம்.இ. அல்லது எம்.டெக். கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பி.இ., எம்.இ. இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு இருந்தால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி உதவிப் பேராசிரியர் ஆகலாம். அதற்கு மேலே போக முனைவர் பட்டம் கட்டாயம். பேராசிரியர் ஆகக் குறைந்தது 10 ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் எஸ்.இ.ஆர்.சி., கம்பித் துருவுக்குக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் சிக்ரி, இரண்டும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. ஆய்வுக்கான இடம் தேடும்போது அவற்றையும் பாருங்கள்.

இப்போதே தொடங்கக் கூடிய ஒரு ப்ராஜெக்ட் சொல்கிறோம். உங்கள் பகுதி ஜல்லி, எம்-சாண்ட் கொண்டு எம்20, எம்25, எம்30 மூன்றிலும் பன்னிரண்டு பன்னிரண்டு க்யூப், மொத்தம் 36 போடுங்கள். 7, 28, 56-ஆம் நாட்களில் ஒவ்வொரு தரத்திலும் நான்கு எடுத்து, முதலில் ஒலி வேகம். அடுத்து, அழுத்த இயந்திரத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 7 நியூட்டன் அழுத்தத்தில் பிடித்துவைத்துச் சுத்தியல். 150 மி.மீ. க்யூபுக்கு அது சுமார் 158 கிலோநியூட்டன். பிடிக்காமல் அடித்தால் க்யூப் நகர்ந்து எண் தாழும். இரண்டு செங்குத்து முகத்திலும் ஒன்பது ஒன்பது அடி, அடித்த புள்ளியில் மறுபடி அடிக்கக் கூடாது. கடைசியாக உடைத்துப் பலம். கருவியோடு வரும் வரைபடம் வேறொரு நாட்டு ஜல்லிக்கு வரைந்தது. நம் மாவட்டக் கருங்கல் ஜல்லிக்கு உங்கள் 36 புள்ளி வரைவதுதான் இங்கே பயன்படும். அதைச் செய்து முடித்தால் பிழை, சராசரி, சிதறல் எல்லாம் கைக்குப் பழகிவிடும். அலைகள் பற்றிய இயற்பியலையும், ஒலியை அதிர்வெண்ணாகப் பிரிக்கும் ஃபூரியே கணக்கையும் இதோடு படியுங்கள். இந்தத் துறையில் பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

கல் குவாரியில் வேலை செய்கிறவன். கல்லைத் தட்டினால் 'கணீர்' என்றால் நல்ல கல், 'டொப்' என்றால் உள்ளே ஓட்டம் (பிளவு) இருக்கிறது என்போம். கான்கிரீட்டுக்கும் இது பொருந்துமா?
– கிருஷ்ணகிரி மாவட்டம்

அப்படியே பொருந்தும். உங்கள் காது செய்வதற்குத்தான் பேராசிரியர்கள் கணக்குக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் மேரி சான்சலோனும் நிக்கோலஸ் கரினோவும் 1980-களில் வளர்த்தெடுத்த இம்பாக்ட் எக்கோ முறையில் சின்ன எஃகுக் குண்டால் கான்கிரீட்டைத் தட்டி, பக்கத்தில் வைத்த உணரியில் அதிர்வைக் கேட்கிறார்கள். 150 மி.மீ. தளத்தில், ஒலி வேகம் விநாடிக்கு 4,000 மீட்டர் என்றால், அடிப்பக்கம் வரை போய்த் திரும்பும் அலை சுமார் 12,800 ஹெர்ட்ஸில் பாடும். பாதி ஆழத்தில் பிளவு இருந்தால் அலை பாதி வழியிலேயே திரும்பி 25,600 ஆகிவிடும். எண்ணைப் பார்த்து ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

பிளவு மேற்பரப்பை ஒட்டி இருந்தால் கதை மாறும். மேலே மிஞ்சிய மெல்லிய பாளம் பறைத்தோல் மாதிரி மேலும் கீழும் அசையும், அதன் அதிர்வெண் மிகத் தாழ்ந்தது. நீங்கள் கேட்கும் 'டொப்' அதுதான். மொட்டை மாடித் தளத்தின் அடிப்பக்கத்தை அரை கிலோ சுத்தியலால் ஓர் அடி இடைவெளியில் தட்டிக்கொண்டே போய், 'டொப்' வரும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்துவிடுங்கள். தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தட்டும் இடத்துக்கு நேர் கீழே நிற்காமல் ஓர் எட்டு தள்ளி நின்று தட்டுங்கள்.